ஸ்னேக் பிளான்ட் அடியில் அழுகுகிறது, மாமியார் மனம் கோணாமல் காப்பாற்ற வழி உண்டா?

பெரும்பாக்கம் கவி:

ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கும் ஸ்னேக் பிளான்ட்டில் நேற்று ஒரு இலை சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைக்கலாம் என்று பிடித்தால் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகி, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம். இன்று காலை இன்னொன்று. மொத்தம் பதினோரு இலை இருந்தது, இப்போது ஒன்பது.

வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட ரகம். ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று சொல்லி 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மே மாசம் பிள்ளைகளோடு கோவில்பட்டி போய்விட்டு 34 நாள் கழித்துத்தான் வந்தேன். வீட்டைத் திறந்தால் மணிபிளான்ட் சருகு, துளசி வெறும் குச்சி. இது மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றது. அப்படிப்பட்ட செடி இது.

ஆகஸ்டிலிருந்து மாமியார் எங்களோடு இருக்கிறார். தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீர் ஒரு டம்ளர் இதற்குப் போகும். சில நாள் வடிகட்டிய டீத்தூளும் சேர்ந்து போகும். "அத்தே, இதுக்குத் தண்ணி அவ்வளவா வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னேன். "பச்சை உயிரும்மா, வெறும் வயித்தோட நிக்குதே" என்றார். அதற்கு மேல் எப்படிப் பேச?

இப்போது மழை வேறு. தொட்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது. மிச்சம் ஒன்பது இலையையாவது காப்பாற்ற முடியுமா?

மரல்நார்:

கவி அம்மா, முடியும். ஆனால் இன்றைக்கே செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளாதீர்கள்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் வேலியோரம் தானாக வளரும் மருள் என்று ஒன்று உண்டு, சங்கப் பாட்டில் மரல் என்று வருவது அதுதான். சின்ன வயதில் அதன் மடலைக் கல்லில் தட்டி நார் உரித்துக் கயிறு திரித்திருக்கிறோம். உங்கள் செடி அதற்குப் பங்காளி. மேற்கு ஆப்பிரிக்காக்காரர், நைஜீரியாவிலிருந்து காங்கோ வரை அவருக்குச் சொந்த ஊர். தாவரவியல்காரர்கள் இரண்டு பேரையும் சான்சிவீரியா என்ற இனமாக எழுதிக்கொண்டிருந்தார்கள், 2017 வாக்கில் டிராசீனா என்ற இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். பேர் எதுவானாலும் பிழைப்பு ஒன்றுதான். மண்ணுக்குள் இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு ஓடும். கிழங்கிலும் தடித்த இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 34 நாள் அது குடித்தது அந்தச் சேமிப்பைத்தான்.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை முழுசாக வெளியே எடுங்கள். பழைய மண்ணை உதறிவிட்டுக் கிழங்கை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக அல்லது ஆரஞ்சாக இருந்தால் நல்லது. அமுங்கினால் போய்விட்டது. அமுங்கும் இடத்தை மட்டும் வெட்டினால் போதாது, நல்ல சதை தெரியும் வரைக்கும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இதில் இரக்கம் காட்டித்தான் நான் முதல் செடியைக் கொன்றேன். ஓரமாகக் கொஞ்சம் பழுப்பு, பரவாயில்லை என்று விட்டேன். பத்தே நாளில் முழுக்கிழங்கும் கூழ்.

வெட்டியதைச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் காய விடுங்கள். சித்திரையாக இருந்தால் மூன்று நாள் போதும். ஐப்பசி அடைமழையில் ஐந்தாறு நாள் ஆகும், ஃபேன் காற்று படட்டும். வெட்டுவாய் தொட்டால் காய்ந்த தோல் மாதிரி இருக்க வேண்டும். வேர் இல்லாமல் கிடக்கிறதே என்று பதறாதீர்கள்.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சில்லு ஒரு பங்கு. மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். சின்ன மண் தொட்டியில் வையுங்கள், கிழங்கு நெருக்கமாக இருந்தால் போதும். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீரே காட்டாதீர்கள்.

அப்புறம், கையோடு வந்த இரண்டு இலையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அழுகல் இல்லாத மேல்பகுதியை நாலு விரற்கடை நீளத்துக்கு வெட்டிக் காயவைத்து மணலில் செருகினால் வேர் பிடிக்கும். எந்தப் பக்கம் கீழ் இருந்ததோ அதுவேதான் கீழே போக வேண்டும், தலைகீழாக நட்டால் வராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்படி வரும் கன்றில் மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சைதான். கரையோடு வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

மாமியார் விஷயத்துக்கு ஒரு வழி: ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிப் பால்கனியில் வைத்து, "அத்தே, இது உங்க பொறுப்பு" என்று கொடுத்துவிடுங்கள். ஊற்றுகிற கை சும்மா இருக்காது.

பதியன் பாண்டி:

அக்கா, நான் நர்சரியில் வேலை பார்க்கிறேன். சார் சொன்னது எல்லாம் சரி. ஒரு கேள்வி மட்டும். செடி பிளாஸ்டிக் தொட்டியோடு ஏதாவது அழகுத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கா? அந்த வெளித் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

நாங்கள் அனுப்பும் செடி முக்கால்வாசியும் தென்னை நார்க்கழிவில்தான் இருக்கும். லாரியில் ஏற்ற வெயிட் குறைவு, அதனால். அது ஈரத்தை விடவே விடாது. வாங்கினவுடன் மாற்றணும், யாரும் மாற்றுவதில்லை, நாங்களும் சொல்வதில்லை. பறக்கும் பூச்சி ஈர மண்ணில் முட்டை வைக்கிற ஈ. கழுநீர், டீத்தூள் எல்லாம் அதுக்கு விருந்து. மேல்மண் காய்ந்தால் தானாகப் போய்விடும், மருந்து வேண்டாம்.

புழுதிவாக்கம் ரகு:

பாண்டி சொன்னதைப் பாருங்கள். நான் சொல்ல வந்தது அந்த ஆக்சிஜன் கதை. இந்தச் செடி ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்து வைத்துக்கொள்ளும், பகல் வெயிலில் துளையை மூடிக்கொண்டு சமைக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற வழி அது. ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு 1989இல் நாசா செய்த சோதனையை எல்லாரும் காட்டுவார்கள், அது மூடிய பெட்டிக்குள் நடந்தது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுக் காற்றில் வித்தியாசம் தெரிய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கணக்குப் போட்டது. ஹாலில் நீங்கள் நிற்க இடம் இருக்காது.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் கடிக்க விடாதீர்கள், வாந்தி எடுக்கும்.

ஒரு வேடிக்கை, இங்கிலீஷில் இந்தச் செடிக்கு இன்னொரு பேர் "மாமியார் நாக்கு". அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெரும்பாக்கம் கவி:

ரகு, சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, "மருமக நாக்குக்குச் செடி இல்லியாமா?" என்று கேட்டார்.

பாண்டி தம்பி, நீ கேட்டதுதான். வெளியே வெள்ளைப் பீங்கான் தொட்டி, கிரகப்பிரவேசத்துக்கு வந்த பரிசு, அடியில் ஓட்டையே இல்லை. பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினால் கீழே நாலு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். அந்தத் தொட்டிக்குள் அதை இறக்கி வைத்தது நான்தான், அழகாக இருக்கும் என்று. மூன்று மாதமாக அத்தையை மட்டும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிழங்கு முழம் நீளம் இருந்தது, பாதி போய்விட்டது. வெட்டி எடுத்ததில் ஐந்து இலை தேறியது. எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணக்கு ஏதாவது உண்டா?

மரல்நார்:

ஐந்து தேறியதே பெரிது. நாள் கணக்கு வேண்டாம், சென்னையின் புழுக்கத்துக்கும் எங்கள் ஊர் வெயிலுக்கும் ஒத்துவராது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி ஐந்து நிமிஷம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டினால் ஊற்றாதீர்கள். இல்லையென்றால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த தொட்டி லேசாக இருக்கும், இரண்டு தடவையில் கை பழகிவிடும். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள், தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். இலைக் கொத்தின் நடுவில் மட்டும் ஊற்ற வேண்டாம், அங்கே தேங்கினாலும் அழுகும். டிவி பக்கத்து இருட்டை விட ஜன்னலோரம் நல்லது. வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும்.

பெரும்பாக்கம் கவி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்தும் நிற்கிறது, ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. கறிவேப்பிலை வாங்கிக் கொடுத்தாயிற்று, கழுநீர் முழுக்க அதற்குத்தான். நேற்று அத்தையே ஸ்னேக் பிளான்ட் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கனமாத்தான் இருக்கு, விடு" என்றார்.

மணலில் செருகிய ஆறு துண்டில் நாலைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டில் மட்டும் நூல் மாதிரி வேர். மற்றதைப் போட்டுவிடட்டுமா?

மரல்நார்:

போடாதீர்கள். பிடுங்காமலும் இருங்கள். கன்று எட்டிப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும்.