அணுமின்சாரம்: நேரில் கண்டது, பட்டது

முல்லைக்கடல்:
2012. அகதி முகாமில் தெரிந்த ஒருவரோடு, தமிழ்நாட்டில் கூடங்குளம் அணு உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்குப் போனேன். மாதா கோயில் முன்னால் போராட்டப் பந்தல். பெண்கள் பீடி சுற்றியபடி இருந்தார்கள். முல்லைத்தீவு என்றதும் ஒரு பாட்டி, "சுனாமிக்கு ஒங்க ஊர்ல கடல் எவ்வளவு தூரம் உள்ள வந்துச்சு?" என்று கேட்டார். எங்கட வீட்டையும் தாண்டி என்றேன். பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு உலைப் பக்கம் கை காட்டினார்: "அப்போ அங்க ஜெனரேட்டரு எந்த ஒசரத்துல இருக்கு?" நான் மேசன் வேலைக்காரன், என்னத்தைச் சொல்ல?

நெடுங்கேணியான்:
பாட்டி சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலம் அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. நின்ற உலையும் சூடு விடும், தண்ணீர் ஓடியே ஆகவேண்டும். அந்தத் தண்ணீரை ஓட்டவேண்டிய டீசல் ஜெனரேற்றர்களைச் சுனாமி அலை மூழ்கடித்ததுதான் வினை. ஆனால் கூடங்குளத்தில் கரண்ட் இல்லாமலே காற்றால் அந்தச் சூட்டை வெளியேற்றும் அமைப்பு உண்டு. பந்தலில் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்!

என் கதை வேறு. அம்மாவுக்குத் தைரொயிட் புற்றுநோய். கதிரியக்க அயடீன் கொடுத்து, தனி அறையில் வைத்து, அளந்து பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். அந்த அயடீன் 131இன் கதிர்வீச்சு எட்டு நாளில் பாதியாகும். மாதக்கணக்கில் கழித்து ஒரு சாமத்திய வீட்டில், அம்மா குடித்த கோப்பையைப் பக்கத்து வீட்டு அக்கா விறகுத்தடியால் தள்ளிக் குப்பையில் போட்டா. அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

கனகராயன்:
தம்பி, பாதுகாப்பை விடும். அணு உலை எங்கட இலங்கைக்குத் தோதுப்படுமா? 2025 பெப்ரவரி 9, பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம், நாடே இருண்டது. அப்பாவுக்கு நெபுலைசர், மூச்சுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெசின், பிடித்துக்கொண்டிருந்தேன். மெசின் நின்றதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவொட் அலகுகளும் நின்று, பிறகும் மின்வெட்டு. இந்தச் சின்ன வலையமைப்பில் 1000 மெகாவொட் உலை ஒன்று திடீரென்று நின்றால் மிச்சத்தையும் இழுத்து விழுத்தும்.

வீட்டில் நோயாளி இருந்தால் இன்வேட்டர் போடுங்கள். கார் பற்றரி வேண்டாம், சார்ஜ் அடியோடு இறங்கினால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி எடுங்கள். நெபுலைசர், ஒரு ஃபான், இரண்டு பல்ப், அவ்வளவுதான் அதில் கொழுவ வேண்டும். பிறிஜ்ஜைக் கொழுவாதீர்கள். வயர் தடிப்பாக இருக்கட்டும். கூரையில் சோலார் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பற்றரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்தான்.

பூநகரி:
அண்ணை, அந்தப் பற்றரி கிளிநொச்சியில் எடுக்கலாமா, வவுனியாவுக்குத்தான் போகவேண்டுமா?