புதுப்பிப்பு: அம்மாவின் அட்ரினல் கட்டி
தருமபுரியில் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் அம்மாவின் இடது அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பி) 2.3 செ.மீ. கட்டி தெரிந்தது, புற்றுநோயாக இருக்குமோ என்று சென்ற மாதம் இங்கே பதறிக் கேட்டிருந்தேன். இல்லை!

சாய மருந்து ஏற்றாத படத்தில் கட்டியின் அடர்த்தி 4 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுதான் (சி.டி. படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு). 10க்குள், ஒரே சீராக இருந்தால் கொழுப்பு நிறைந்த, தீங்கற்ற சுரப்பிக் கட்டி, அதாவது அடினோமா. சிறுநீரகத்தின் தலைமேல் நெல்லிக்காய் அளவில் மங்கலாகத் தெரிந்ததை மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். அம்மா என் கையை விடவே இல்லை.

அடர்த்தி கூடுதலென்றால் சாயம் ஏற்றி, 15 நிமிடத்தில் எவ்வளவு வடிகிறது என்று பார்ப்பார்களாம்; அடினோமா என்றால் வேகமாக வடிந்துவிடும். ஆனால் ஃபியோகுரோமோசைட்டோமாவும் (அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டி) சில சமயம் அடினோமா போலவே வடிந்து ஏமாற்றிவிடும்.

கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. அதனால் இன்றிரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை, காலை 8 மணிக்கு, அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோன் அந்த மாத்திரைக்கு அடங்கியதா என்று பரிசோதனை. இரத்தக் கொதிப்பு இருப்பதால் அதைக் கூட்டக்கூடிய ஆல்டோஸ்டிரோன் என்ற அட்ரினல் ஹார்மோனையும் பார்க்கிறார்கள்.