டாஹோ கிரிட்ல புதுசா சேர்றவங்களுக்கு பாதி சர்வர் தெரியுது ஆனா கனெக்ட் ஆகல, என்ன பண்றது?

குருவிக்கூடு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க காலேஜ் நண்பர்கள் சேர்ந்து டாஹோ-லாஃப்ஸ்ல (ஃபைல பூட்டி, துண்டு துண்டா உடைச்சு பல சர்வர்ல பிரிச்சு வெக்குற சாஃப்ட்வேர்) ஒரு சின்ன கிரிட், அதாவது சர்வர் கூட்டம், நடத்துறோம். வீட்டு போட்டோ, தாத்தா காலத்து பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாம் அதுலதான் இருக்கு. மொத்தம் 5 ஸ்டோரேஜ் சர்வர், அதுல மூணு நாங்க சென்னைல மூணு பேரா தங்கியிருக்க வீட்லயே ஓடுது, மீதி ரெண்டும் விபிஎஸ், அதாவது இன்டர்நெட்ல வாடகைக்கு எடுத்த சர்வர், புதுசா வரவங்களுக்கு மத்த சர்வர காட்டுற இன்ட்ரடியூசரும் அதுல ஒண்ணுலதான். ஒரு வருஷமா எங்களுக்கு பிரச்சனையே வந்ததில்ல.

இப்ப என் அக்காவையும் திருச்சில இருக்க ஒரு நண்பனையும் சேர்க்கலாம்னு இன்ட்ரடியூசர் ஃபர்ல்ல (அதோட நீளமான ரகசிய விலாசம்) வாட்ஸப்ல அனுப்பினேன். நண்பனோட மெஷின்ல டாஹோ நிலவரம் காட்டுற 3456 போர்ட் பேஜ்ல இன்ட்ரடியூசர் கனெக்டட்னு காட்டுது, ஆனா தெரிஞ்ச 5 சர்வர்ல 2தான் கனெக்ட் ஆகிருக்கு. ஃபைல் ஏத்தினா போதுமான சர்வர் கிடைக்கலன்னு அப்லோட் அன்ஹேப்பினெஸ் எர்ரர் வந்து நின்னுடுது. அக்காவுக்கு அதுவும் இல்ல, இன்ட்ரடியூசரே கிடைக்கல. இன்ட்ரடியூசர் வரைக்கும் போறவனுக்கு ஏன் மத்த சர்வர் வரமாட்டேங்குது? அக்கா ரெண்டு நாளா என்னை நம்பி உக்காந்திருக்காங்க, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

வயர்மேன்:
தம்பி, இன்ட்ரடியூசர் உங்க டேட்டாவ தொடவே தொடாது. அது கல்யாணத் தரகர் மாதிரி, இந்த வீட்ல பொண்ணு இருக்கு இதான் விலாசம்னு சொல்றதோட அதோட வேலை முடிஞ்சது, அப்புறம் உங்க நண்பனோட மெஷின்தான் ஒவ்வொரு சர்வர் வாசலுக்கும் நேரா போய் கதவ தட்டணும். 5 தெரியுது 2தான் கனெக்ட் ஆகுதுன்னா தரகர் ஒழுங்கா சொல்லிட்டார், ஆனா மூணு வீட்டு விலாசம் தப்புன்னு அர்த்தம். அந்த மூணும் உங்க வீட்ல ஓடுற மூணாத்தான் இருக்கும்.

அந்த மூணு மெஷின்லயும் டாஹோ.சிஎஃப்ஜிங்குற செட்டிங் ஃபைல திறந்து, சர்வர் தன் விலாசம்னு வெளில சொல்ற டப்.லொகேஷன் வரிய பாருங்க. 192.168னு ஆரம்பிக்குற ஐபி இருந்தா அதான் காரணம். ஒரே ரவுட்டர்ல இருக்க உங்க மூணு பேருக்கும் அந்த விலாசம் வேலை செய்யும், அதனாலதான் ஒரு வருஷமா உங்க கண்ணுல படல. திருச்சில இருக்கவனுக்கு 192.168ன்னா அவன் வீட்டு ரவுட்டர்தான்.

சரி பண்ண முதல்ல ரவுட்டர் பேஜ்ல வான் ஐபி, அதாவது இன்டர்நெட் பக்கத்து விலாசம், என்னன்னு பாருங்க. அது 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க கேரியர் நேட்டுக்கு (பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபிய பங்கு போடுறது) பின்னாடி இருக்கீங்க, போர்ட் ஃபார்வர்ட் பண்ணி, அதாவது வெளில இருந்து வர கனெக்‌ஷன ரவுட்டர் உள்ள மெஷினுக்கு அனுப்புற மாதிரி வெச்சு, பிரயோஜனம் இல்ல. என் வீட்லயும் இதே கதைதான், எங்க ப்ராட்பேண்ட்காரங்க ஒருநாள் சொல்லாம கொள்ளாம மாத்திட்டாங்க, நான் ஒரு வாரம் என் கான்ஃபிக்ல தப்பு தேடிட்டு இருந்தேன். நீங்க விபிஎஸ் வெச்சிருக்கதால வீட்டு மெஷின்ல இருந்து அதுக்கு ஒரு எஸ்எஸ்ஹெச் ரிவர்ஸ் டனல் (விபிஎஸ்க்கு வர கனெக்‌ஷன வீட்டுக்கு கொண்டு வர பாதை) போட்டு, விபிஎஸ் பேரையும் போர்ட்டையும் லொகேஷன்ல குடுத்துடலாம், ஆனா வெளி ஆளுங்களும் அந்த போர்ட்டுக்கு வர மாதிரி விபிஎஸ்ல எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல கேட்வேபோர்ட்ஸ்ஸ திறக்க மறந்துடாதீங்க. டோர்ங்குற மறைவு நெட்வொர்க் வழியாவும் பண்ணலாம், டாஹோலயே அதுக்கு வசதி இருக்கு, ஆனா அப்ப புதுசா வர ஒவ்வொருத்தரும் அவங்க மெஷின்லயும் டோர் போட்டாகணும், உங்க அக்காவ அந்த பாடு படுத்த வேண்டாம்.

பப்ளிக் ஐபி இருந்தா சுலபம், மூணு சர்வருக்கும் மூணு வேற வேற போர்ட் ஃபார்வர்ட் பண்ணுங்க. லொகேஷன்ல கமா போட்டு ரெண்டு விலாசமும் குடுக்கலாம், உள் ஐபி ஒண்ணு, வெளில இருந்து வர டொமைன் பேர் ஒண்ணு. எது கிடைக்குதோ அதுல கனெக்ட் ஆகிடும். வெளி விலாசம் மட்டும் குடுத்தா சில ரவுட்டர்ல வீட்டுக்குள்ள இருந்தே உங்க சொந்த பப்ளிக் ஐபிக்கு போக முடியாது, அப்புறம் நீங்க மூணு பேர் ஒருத்தர ஒருத்தர் தேடிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, புதுசா வரவங்கள முதல் நாளே ஸ்டோரேஜ் சர்வர் ஓட்ட சொல்லாதீங்க. கிரியேட்-க்ளையண்ட் போட்டு வெறும் க்ளையண்டா வரட்டும், க்ளையண்ட் வெளில கூப்பிட்டா போதும், அவங்க பக்கம் எந்த போர்ட்டும் திறக்க தேவையில்ல.

நெய்தல்:
வயர்மேன் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. அக்காவுக்கு ஃபர்ல் வாட்ஸப்ல வரும்போது எங்கயாவது வெட்டுப்பட்டிருக்கும், பாதிய காப்பி பண்ணிருப்பாங்க, அவ்ளோ நீள ஸ்ட்ரிங்ல ஒரு எழுத்து போனாலும் ஒண்ணும் நடக்காது. இதுக்குன்னே டாஹோ இன்வைட்னு ஒரு கமாண்ட் இருக்கு. நீங்க அத ஓட்டினா ஒரு நம்பரும் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையும் சேர்ந்த சின்ன கோட் வரும், அத போன்ல வாயால சொல்லிடலாம். அவங்க கிரியேட்-க்ளையண்ட் கமாண்ட்ல ஜாயின்னு போட்டு அந்த கோட குடுக்கணும். உள்ள மேஜிக் வோர்ம்ஹோல்னு ரெண்டு மெஷின் நடுவுல ரகசியமா தகவல் அனுப்புற டூல்தான் ஓடுது, அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல இருக்கணும். நான் என் மாமாவுக்கு கால் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டேதான் பண்ணேன், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, அவர் கமாண்ட் லைன்ன அன்னிக்குதான் முதல் தடவ பாக்குறார்.

அந்த இன்வைட்ல ஃபர்ல் மட்டும் இல்ல, நீடட் ஹேப்பி டோட்டல் மூணு நம்பரும் சேர்ந்தே போகும். உங்க நண்பனுக்கு வந்த எர்ரருக்கு இதுவும் ஒரு காரணம், டாஹோவோட டிஃபால்ட் 3-7-10, அதாவது 10 துண்டா உடைச்சு 7 வேற வேற சர்வர்ல போட முடிஞ்சாதான் ஏத்தும், திரும்ப எடுக்க 3 துண்டு போதும், உங்ககிட்ட இருக்கதே 5. கனெக்‌ஷன சரி பண்ணாலும் அந்த எர்ரர் போகாது. நீங்க என்ன நம்பர் வெச்சிருக்கீங்க?

குருவிக்கூடு:
ரொம்ப ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்!! லொகேஷன்ல 192.168 தான் இருந்துச்சு, மூணுலயும். பப்ளிக் ஐபி இருக்கு, போர்ட் திறந்து ரெண்டு விலாசமும் போட்டேன், திருச்சில 5க்கு 5 காட்டுது. அக்காவையும் இன்வைட்ல சேர்த்தாச்சு. எங்க நம்பர் 3-5-5, அது சரியா?

நெய்தல்:
அத மாத்துங்க, இதான் எனக்கு பயமா இருக்கு. அஞ்சுல மூணு ஒரே வீடு, ஒரே கரண்ட், ஒரே ரவுட்டர். அந்த வீட்ல ஏதாவது ஆச்சுன்னா மிச்சம் ரெண்டு துண்டு, உங்களுக்கு வேண்டியது மூணு, தாத்தா பத்திரம் போச்சு. 2-4-5 போட்டா, அஞ்சு சர்வரும் ஓடும்போது ஏத்தினத வீடு மொத்தமா போனாலும் ரெண்டு விபிஎஸ்ல இருந்து மீட்டுடலாம், இடம் மட்டும் ரெண்டரை மடங்கு பிடிக்கும். ஹேப்பி 5ன்னு வெச்சா ஒரு சர்வர் தூங்கினாலே யாரும் எதையும் ஏத்த முடியாது, புதுசா வந்தவங்க நம்ம தப்பு போலன்னு நினைச்சுப்பாங்க. நம்பர மாத்துறது புது ஃபைலுக்கு மட்டும்தான், பழசெல்லாம் திரும்ப ஏத்தணும், மறக்காதீங்க.

அக்காகிட்ட அவங்க மெஷின்ல டாஹோவோட ப்ரைவேட் ஃபோல்டர்ல, அவங்க ஃபைலுக்கான சாவி இருக்க அலியாசஸ் ஃபைல்ல ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வெக்க சொல்லுங்க. அது போச்சுன்னா அவங்க ஃபைல் சர்வர்ல பத்திரமா இருந்தும் யாராலயும் திறக்க முடியாது, நீங்களும்தான்.

வயர்மேன்:
ஆமா, அதோட இன்ட்ரடியூசர் இருக்க விபிஎஸ் போச்சுன்னா என்னன்னும் யோசிங்க. பழையவங்க சமாளிச்சுடுவாங்க, தெரிஞ்ச சர்வர் லிஸ்ட்ட க்ளையண்ட் கேஷ் பண்ணி வெச்சிருக்கும், புதுசா வரவங்கதான் வாசல் தெரியாம நிப்பாங்க. இன்ட்ரடியூசரோட ஃபோல்டர முழுசா பேக்கப் எடுங்க, ப்ரைவேட்ல இருக்க நோட்.பெம்ங்குற சாவி ஃபைலும் ஃபர்ல்லும் இருந்தா வேற மெஷின்ல அதே ஃபர்ல் உயிரோட வரும், லொகேஷன்ல ஐபிக்கு பதிலா டொமைன் பேர் போட்டிருந்தா. அந்த ஃபர்ல் கைல இருக்கவங்க யார் வேணா வந்து உங்க டிஸ்க்க நிரப்பலாம், அதனால குரூப்ல எல்லாம் போடாதீங்க, ஸ்டோரேஜ் பக்கம் ரிசர்வ்ட் ஸ்பேஸும் (டிஸ்க்ல இவ்ளோ இடத்த தொடாதன்னு சொல்றது) ஒண்ணு குடுத்து வைங்க.

குருவிக்கூடு:
பண்ணிட்டேன் அண்ணா, 2-4-5 போட்டு பழைய ஃபைல் எல்லாம் திரும்ப ஏறிட்டு இருக்கு. அக்கா முதல் போட்டோவ ஏத்திட்டு இப்பதான் கால் பண்ணாங்க.