வெறும் வயிற்றில் 112, ஹெச்பிஏ1சி 6.6. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா?

கேள்வி:
வயது 38. ஒரு மாதமாக ஒரே அசதி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.6. அந்த 6.6-ஐ மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. தாகம் கிடையாது, எடையும் குறையவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அவருடைய மாத்திரையையே போட்டுக்கொள் என்கிறார். போடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். வெறும் வயிற்றில் 126, ஏ1சி 6.5, இதுதான் எல்லை. உங்களுக்கு ஒன்று தாண்டியிருக்கிறது, இன்னொன்று தாண்டவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை, திரும்பப் பார்ப்பார்கள். அதற்காகத் தாகம் இல்லையே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், தாகம் எடுப்பது அதனால்தான். 150, 160 என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

பதில் 2:
அசதி, மூச்சு வாங்குவது என்கிறீர்களே, ஹீமோகுளோபின் எவ்வளவு?

கேட்டவர்:
8.9. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம்.

பதில் 2:
நினைத்தேன், ரத்தசோகை. ரத்தப்போக்கில் இரும்புச்சத்தும் போய்விடும். ஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் கணக்கு, அந்த அணு சுமார் 120 நாள் இருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் சர்க்கரை ஏறாமலேயே ஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். எனக்கும் முதலில் 6.7 வந்தது, இரும்பு மாத்திரை சாப்பிட்டு ரத்தம் ஏறியபின் எடுத்தால் 6.0. அதுவும் சர்க்கரைக்கு முந்தைய நிலைதான், விட்டுவிடவில்லை, வருடா வருடம் பார்க்கிறேன். நீங்கள் மருத்துவரிடம் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். 8 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள், தொண்டையைப் பிடிக்கிற தித்திப்பு, எனக்குக் கடைசி மடக்கில் குமட்டியது. அப்புறம் 2 மணி நேரம் நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பின் எடுக்கும் ரத்தத்தில் 200-ஐத் தொட்டால் சர்க்கரை, 140-க்குக் கீழே என்றால் இயல்பு. வீட்டுக் கருவியில் விரலைக் குத்திப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

பதில் 3:
மாத்திரை ஒருபக்கம் இருக்கட்டும், 8.9-க்கு முதலில் வைத்தியம் பாருங்கள். மூச்சு வாங்குவது அதனால்தான் இருக்கும்.

கேட்டவர்:
சரி, நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கிறேன். உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறேன். மாத்திரை அட்டையை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.