மீன்பிடி தடைக்காலத்துல ராமேஸ்வரம் தீவுக்குப் போகலாமா?

பாலக்கோட்டான்: "மே மாசம் ராமேஸ்வரம் தீவுப் பக்கமே போகாதீங்க, தடைக்காலம், மீன் கிடைக்காது, ஊரே செத்துக் கெடக்கும்"னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போகும். பாம்பன் பக்கம் காலையில கரையில நின்னு பாத்துட்டு எழுதுங்க.

ஓசூர்வாசி: எழுதினது நான்தான். தடைன்னா தடைதான். போன மே மாசம் குடும்பத்தோட போனோம். ஓட்டல்ல வஞ்சிரம் கேட்டா இல்லைன்னுட்டாங்க.

பாலக்கோட்டான்: வஞ்சிரம் இல்லைன்னா மீனே இல்லையா? தனுஷ்கோடியில கரைவலை பாத்திருக்கீங்களா? ஒரு முனைக் கயித்தைக் கரையில விட்டுட்டு, வலையைக் கடலுக்குள்ள வளைச்சுப் போட்டு, மறுமுனையைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரையேத்துவாங்க. ரெண்டு பக்கமும் ஆம்பளை பொம்பளை வரிசையா நின்னு இழுப்பாங்க. வலையோட மடி கரைக்கு வந்தா சூடையும் காரப்பொடியும் துள்ளும். ஏசி ரூம்ல படுத்துக்கிட்டு ஊர் செத்துக் கெடக்குன்னா எப்படி?

மாங்கனிக்காரி: மீனுக்காக அவ்ளோ தூரம் எதுக்கு? எங்க கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல கண்ணு முன்னாடியே பொரிச்சுத் தராங்க.

ஒகேனக்கல் ரசிகன்: காவிரி மீனைத் தின்ன வாய்க்கு டேம் மீனா? நல்லா சொன்னீங்கக்கா.

மாங்கனிக்காரி: 2004ல தனி மாவட்டம் ஆனதுல இருந்தே தர்மபுரிக்காரங்களுக்கு எங்க மேல வயித்தெரிச்சல்.

பாலக்கோட்டான்: டேமை விடுங்கக்கா. கேள்வி ஒண்ணுதான். நாட்டுப்படகு போகுமா, போகாதா?

ஓசூர்வாசி: படகுன்னா எல்லாம் படகுதான். ராமேஸ்வரத்துல வரிசையா கட்டிக் கெடந்ததை என் கண்ணால பாத்தேன். காத்தடிச்சா உங்க நாட்டுப்படகும் கட்டித்தான் கெடக்கும்.

பாலக்கோட்டான்: நீங்க பாத்தது விசைப்படகு! காத்துக்கும் தடைக்கும் என்னங்க சம்பந்தம்? மீன் முட்டை வைக்கிற காலம்னு இழுவைமடி போடுற விசைப்படகுக்காரங்களை நிறுத்தறாங்க. நாட்டுப்படகு போகும்.

அரூர் டீச்சர்: ரெண்டு பேரும் மீனையே பிடிச்சுத் தொங்குறீங்க. மே மாசம் பள்ளிக்கூட லீவு. தனுஷ்கோடி கடைசியில அரிச்சல்முனையில வண்டி நிறுத்த இடமில்ல. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் முன்னாடி செல்ஃபி எடுக்க அடிதடி. அங்க குடிசை போட்டுப் பொழைக்கிற சனங்க வாசல்ல கேக்காம கேமராவைத் தூக்குறாங்க. அவங்க என்ன காட்சிப்பொருளா? இதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டீங்களே.

பாலக்கோட்டான்: அது தனிப் பேச்சு டீச்சர், தனியா எழுதுங்க. இங்க நாட்டுப்படகுக்குப் பதில் வரட்டும்.

அரூர் டீச்சர்: தனியா எழுதினா மட்டும் படிச்சுடுவீங்களா? போன தடவை ஏற்காடு குப்பையைப் பத்தி எழுதினப்பவும் இப்படித்தான் அடக்குனீங்க.

ஓசூர்வாசி: அவர் எப்பவும் அப்படித்தான் டீச்சர், அவர் பேசினா மத்தவங்க கேட்டுக்கணும். தடைன்னா தடைதான், நான் எழுதினதுல ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்.

பாலக்கோட்டான்: மாத்த வேணாம். நாட்டுப்படகு போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க.

மாங்கனிக்காரி: டேம் மீனைக் குறை சொன்னவர் எங்க ஓடிட்டாரு?