சார்ட்டர் ஸ்கூல் வந்தா பப்ளிக் ஸ்கூல் காலியாகுமா?

கேள்வி: அமெரிக்கால எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (அந்தப் பகுதி அரசு ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) புதுசா சார்ட்டர் ஸ்கூல் (அரசு பணத்துல, தனி நிர்வாகத்துல நடக்குற ஃபீஸ் இல்லாத ஸ்கூல்) வருது, பப்ளிக் ஸ்கூல்ல, அதாவது டிஸ்ட்ரிக்ட் நடத்துற அரசு ஸ்கூல்ல, பசங்க குறைஞ்சிடுவாங்கன்னு எல்லாரும் பயப்படுறாங்க, நிஜமாவா?

பதில் 1: குறையும்தாங்க. பென்சில்வேனியா ஸ்டேட்ல சார்ட்டருக்குப் போற பசங்களுக்கு டிஸ்ட்ரிக்ட்தான் பணம் கட்டணும், ஆனா கிளாஸுக்கு ரெண்டு பேர் போனா டீச்சர் சம்பளம், பஸ், ஹீட்டிங் எதுவும் குறையாது, பட்ஜெட் மட்டும் குறையும், அதுதான் ரொம்ப வேதனையா இருக்கு.

பதில் 2: சார்ட்டர் மட்டுமே காரணம் இல்லங்க, 2007க்கு அப்புறம் அமெரிக்கால பிறப்பே குறைஞ்சிட்டு வருது. ஃபீஸ் இல்லன்னு கத்தோலிக்க ஸ்கூல் பசங்களும் சார்ட்டருக்கு மாறுறாங்க.

பதில் 3: மாசசூசெட்ஸ்ல ஸ்டேட்டே டிஸ்ட்ரிக்ட்டுக்கு சார்ட்டரால போற பணத்துக்கு சில வருஷம் ஈடு குடுக்குது. உங்க ஸ்கூல் போர்டு (டிஸ்ட்ரிக்ட்ட நிர்வாகம் பண்ற குழு) மீட்டிங்ல, உங்க ஸ்டேட்லயும் இப்படி ஈடு உண்டான்னு கண்டிப்பா கேளுங்க.