டெய்ஸிப் பூக்களை மேலே தள்ளுவது

ஏற்கெனவே அழகாக இருப்பதைத் தேவையின்றி மேலும் அழகுபடுத்துவதை ஆங்கிலத்தில் லில்லிப் பூவுக்கு முலாம் பூசுவது என்பார்கள். அந்தத் தொடரைப் பற்றி முன்னே ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஷேக்ஸ்பியரின் ‘ஜான் மன்னன்’ நாடகத்தில் புடம்போட்ட தங்கத்துக்கு முலாம் பூசுவதும் லில்லிக்குச் சாயம் தீட்டுவதும் தனித்தனியாகவே வருகின்றன. மக்கள் நாவில் பழகிப் பழகி இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் மனத்தைவிட்டு அகலாத பூத்தொடர் வேறொன்று.

2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவரைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு நாள் காலை, சன்னலுக்கு வெளியே புதிதாக நட்டிருந்த அக்ரூட் கன்றைக் காட்டி, “இது காய்க்கும்போது நான் டெய்ஸிப் பூக்களை மேலே தள்ளிக்கொண்டிருப்பேன்” என்றார். தோட்ட வேலைக்கு ஆசைப்படுகிறார் என்று எண்ணி, “கட்டாயம் செய்யலாம், நானும் கூட இருந்து உதவுகிறேன்” என்று மனமாரச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தாரே தவிர, திருத்தவில்லை.

மண்ணுக்குள் போயிருப்பேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று உடன் பணியாற்றியவர் மாலையில் விளக்கியபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களிடையே வழங்கிய தொடர் அது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பார்த்தால்தான் புரியும் என்று கூறி, தம் மனைவியின் கல்லறைக்கு அழைத்துப்போகச் சொன்னார்.

மே மாதப் பிற்பகல் ஒன்றில் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குக் கூட்டிச் சென்றேன். கல்லறைகளின் மேல் விரலளவு உயரத்துக்குப் புல். அதனிடையே சட்டைப் பொத்தான் அளவில் டெய்ஸிகள், நடுவில் மஞ்சள் வட்டமும் சுற்றிலும் மெல்லிய வெள்ளை இதழ்களும் இதழ்நுனியின் அடியில் மட்டும் சிறு செம்மையுமாக, யாரும் நடாமலே பூத்துக் கிடந்தன. கீழே உறங்குபவர்கள் ஒவ்வொன்றாக மேலே அனுப்பிவைத்தவைபோலவே எனக்கும் தோன்றின. ‘செத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது’ என்று எங்கள் ஊரில் சொல்வதை அவரிடம் கூறினேன். நம் தொடரில் இறந்தவரை ஊர் மறந்துவிட்ட வருத்தம் இருக்கிறது. அவர்களுடையதிலோ இறந்தவருக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “புல்லும் நல்லதுதான்” என்றார்.

வெயில் தாழ்ந்ததும் பூக்கள் இதழ்களைக் குவிக்கத் தொடங்கின. பழைய ஆங்கிலத்தில் ‘பகலின் கண்’ என்று வழங்கிய பெயரே டெய்ஸி என்று மருவியது என்பதையும், நன்றாக உறங்கித் தெளிவாக எழுந்தவரை டெய்ஸியைப் போல இருப்பதாகச் சொல்வார்கள் என்பதையும் அவர்தான் அங்கே எனக்குச் சொன்னார். குளிர் ஏறுகிறதே, புறப்படலாமா என்று கேட்டேன். மனைவியின் கல்லறைமேல் இருந்தவை முழுவதும் மூடிக்கொள்ளட்டும் என்றார், அதுவரை காத்திருந்தோம்.